படகுக்கு ஒரு துறை

‘மெரினா’ என்ற சொல்லைக் கேட்டதும் நமக்கு நினைவுக்கு வருவது மணலும் சுண்டலும்தான். சென்னைக்குப் போய் வந்த திண்டுக்கல்காரர் யாரை விசாரித்தாலும் கடல் காற்றைப் பற்றிச் சொல்வார். கூட்டத்தைப் பற்றிச் சொல்வார். அங்கே படகு கட்டும் துறையைப் பார்த்ததாக ஒருவரும் சொல்லமாட்டார். குற்றம் அவர்களுடையதல்ல. 1880-களில் சென்னை மாகாணத்தின் கவர்னராக இருந்த கிராண்ட் டஃப் என்பவர் கடற்கரையை ஒட்டி ஓர் உலாவும் பாதை அமைத்தார். சிஸிலித் தீவில் பலெர்மோ நகரத்தின் கடற்கரை அவர் நினைவில் இருந்தது. அந்த ஞாபகத்தில் ‘மெரினா’ என்று பெயர் வைத்துவிட்டார். கடலைச் சேர்ந்தது என்பதற்கு மேல் அந்த இத்தாலியச் சொல்லுக்கு அன்று பொருள் கிடையாது. சொந்தப் படகு வைத்திருப்பவர்கள் அதைக் கட்டி நிறுத்தும் இடம் என்ற பொருள், 1928-ஆம் ஆண்டுவாக்கில் அமெரிக்காவில் படகு செய்து விற்பவர்கள் அதற்குக் கொடுத்தது. ஆகவே உலகத்தாருக்கு மெரினா என்றால் படகு. நமக்கு மட்டும் பட்டாணிச் சுண்டல்!

இந்தச் சொல்லாராய்ச்சி இப்போது எதற்கு என்று கேட்பீர்கள். காரணம் ஒரு கடிதம். எழுதியவர் எங்கள் திண்டுக்கல்லில் பிறந்து வளர்ந்து, பல ஊர்களில் உத்தியோகம் பார்த்து, உபகாரச் சம்பளம் வாங்கிக்கொண்டிருக்கும் ஓர் அன்பர். மகன் ஐரோப்பாவில் வேலையில் இருக்கிறான். ஸ்பெயின் தேசத்துக் கடற்கரையில் ஒரு மெரினாவில் படகு நிறுத்தும் இடம் ஒன்று விலைக்கு வருகிறதாம். ஒரு சிறு படகையும் வாங்கிப் போட்டுவிட்டால், மிச்ச நாட்களைத் தண்ணீரின் மேல் கழிக்கலாம் என்று ஆசை. “விலைக்கு வாங்கலாமா, வாடகைக்கு எடுக்கலாமா? நீங்கள்தான் சரித்திரமெல்லாம் எழுதுகிறீர்களே, சொல்லுங்கள்” என்று கேட்டிருக்கிறார்.

ஆசையைக் கண்டு நான் சிரிக்கவில்லை. பூட்டுக்கும் சுருட்டுக்கும் தோல் ஷாப்புக்கும் பேர் வாங்கிய எங்கள் ஊர், தண்ணீருக்கு மட்டும் பேர் வாங்கியதில்லை. தெருக்குழாயில் குடத்தை வரிசையில் வைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் இங்கே தலைமுறை தலைமுறையாக உண்டு. மலைக்கோட்டையின் மேல் ஏறி நின்று பார்த்தால் நாலு பக்கமும் வெயிலில் காயும் சமவெளி, கிழக்கே சிறுமலை, மேற்கே நீல நிறத்தில் கொடைக்கானல் மலை. ஒரு கட்டுமரத்தின் நிழல்கூட விழாத பூமி இது. இல்லாத பொருளின் மேல்தானே மனிதனுக்கு ஆசை பிறக்கும்?

ஆனால் அந்த வியாபாரத்தின் உள் விவரத்தை முதலில் தெரிந்துகொள்வது நல்லது. ‘துறை விலைக்கு’ என்று விளம்பரம் செய்தாலும் அங்கே பெரும்பாலும் விற்கப்படுவது துறை அல்ல. ஸ்பெயினிலும் பிரான்ஸிலும் கடலும் கரையும் தேசத்தின் பொதுச் சொத்து. அதை யாரும் கிரயம் பண்ணிக்கொள்ள முடியாது. அரசாங்கம் ஒரு கம்பெனிக்கோ சங்கத்துக்கோ இத்தனை ஆண்டுகளுக்கு என்று உரிமம் கொடுக்கிறது. அவர்கள் கல் கட்டி, மிதக்கும் மேடை போட்டு, மின்சாரமும் குடிநீரும் கொண்டுவந்து, தண்ணீரைக் கூறு போடுகிறார்கள். அந்தக் கூறுகளைத்தான், உரிமத்தில் மிச்சமிருக்கும் ஆண்டுகளுக்கு, நம் அன்பரைப் போன்றவர்களுக்கு ‘விற்கிறார்கள்’. கம்பெனியின் காலம் முடிந்தால் வாங்கியவரின் காலமும் முடிந்தது.

இதை ஸ்பானிஷ் பாஷையில் படித்தால்தான் கடினம்; எங்கள் ஊர்க் கண்மாய்க் கரையில் நின்று பார்த்தால் சுலபமாகப் புரிந்துவிடும். கண்மாயில் மீன்பாசிக் குத்தகை எடுக்கிறவர் இருக்கிறார். ஏலத்தில் பணம் கட்டுகிறார், குஞ்சு விடுகிறார், காவல் போடுகிறார். அதனால் கண்மாய் அவருடையது ஆகிவிடுமா? குத்தகைக் காலம் முடிந்த மறுநாள் அவரும் மற்றவர்களைப் போல் கரையில் நின்று பார்க்க வேண்டியவர்தான். ஒத்திக்கு வீடு பிடிக்கும் வழக்கமும் எங்கள் பக்கத்தில் உண்டு. மொத்தமாகப் பணம் கொடுத்துவிட்டு வாடகை இல்லாமல் குடியிருக்கலாம்; காலம் முடிந்ததும் கொடுத்த பணம் அப்படியே திரும்பி வரும். மெரினாவில் அந்த நியாயம்கூட இல்லை. மொத்தப் பணமும் கொடுக்க வேண்டும், வருஷந்தோறும் பராமரிப்புக் கட்டணமும் கட்ட வேண்டும், கடைசியில் எதுவும் திரும்பி வராது.

வாடகைக்கு எடுத்தால் கணக்கு வேறு. படகின் நீளத்தை அளந்து, மீட்டருக்கு இவ்வளவு என்று வாங்குவார்கள். படகு கடலுக்குப் போனாலும் சரி, கட்டியே கிடந்தாலும் சரி, வாடகை ஒன்றுதான். பல இடங்களில் படகிலேயே குடியிருப்பதற்குத் தனியாக அனுமதி வேண்டும். இதற்கெல்லாம் மேல் இன்னொரு சங்கடம் இருக்கிறது. நம் இந்தியப் பாஸ்போர்ட்டில் சுற்றுலா விசா வாங்கிக்கொண்டு போகிறவர், ஸ்பெயினும் பிரான்ஸும் சேர்ந்திருக்கும் ஷெங்கன் நாடுகளில் எந்த 180 நாட்களை எடுத்துக்கொண்டாலும் 90 நாட்களுக்கு மேல் தங்க முடியாது. படகு வருஷம் முழுவதும் அங்கே குடியிருக்கலாம். படகுக்காரர் பாதி வருஷம் திண்டுக்கல்லில்தான்!

படகு வாங்கப் பணம் போதும். துறை வாங்கப் பணம் மட்டும் போதாது. படகு நம்முடையது, கரை எப்போதும் இன்னொருவருடையது. சரித்திரத்தைப் புரட்டினால் பிறர் கரையில் துறை பிடித்தவர்கள் எல்லோரும் இரண்டே வழிகளில் பிடித்திருக்கிறார்கள் என்று தெரிகிறது. ஒன்று காசு, மற்றது அதிகாரம்.

காசு கொடுத்த வழிக்குத் தமிழிலேயே ஒரு கல்வெட்டு சாட்சி இருக்கிறது. சுமத்ரா தீவின் மேற்குக் கரையில் பாருஸ் என்ற பழைய துறைமுகத்துக்கு அருகே, லோபு துவா என்னும் இடத்தில் அது கிடைத்தது. காலம் சக ஆண்டு 1010, அதாவது கி.பி. 1088. திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்ற பெயர் பெற்ற வணிகக் கூட்டத்தார் அங்கே கூடி ஓர் ஏற்பாடு செய்கிறார்கள். கப்பல் தலைவர்கள் கஸ்தூரியின் விலையை ஒட்டிக் கணக்கிட்ட பொன்னைக் கட்டணமாகச் செலுத்த வேண்டும். செலுத்திய பிறகே உள்ளே காலடி வைக்கலாம் என்பது அதன் கருத்து. மீட்டருக்கு இவ்வளவு என்று இன்றைய மெரினாக்காரர் கேட்பதும் அதுவும் ஏறக்குறைய ஒன்றுதான். கடல் கடந்து போயும் தமிழ் வியாபாரி தமிழிலேயே கட்டணச் சீட்டு எழுதி வைத்தான் என்பது நமக்கு ஒரு பெருமை என்றே வைத்துக்கொள்வோம்.

அதிகாரத்தின் வழிக்கும் நம்மிடம் உதாரணம் உண்டு. 1025-ஆம் ஆண்டுவாக்கில் ராஜேந்திர சோழனுடைய கப்பல்கள் கடாரத்துக்குப் போயின. அந்தக் கடாரம்தான் இன்றைய மலேசியாவின் கெடா மாநிலம். அதைச் சேர்ந்த லங்காவித் தீவில் இன்று உல்லாசப் படகுகளுக்கான மெரினாக்கள் இருக்கின்றன. உலகம் சுற்றுகிறவர்கள் அங்கே வாடகை கட்டிப் படகை விட்டுவிட்டுப் போகிறார்கள். சோழனுடைய கப்பல்கள் வாடகை கட்டியிருக்கும் என்று நான் நினைக்கவில்லை. படையோடு போகிறவன் துறைக் கட்டணம் கேட்டு நிற்பதில்லை.

இந்த இரண்டாவது வழியில், அயல்நாட்டில் தன் ஓய்வுக் காலத்துக்குப் படகுத் துறை அமைத்துக்கொண்ட ஒரு மனிதரின் கதை எங்கள் சமவெளிக்கு நேர் மேலேயே இருக்கிறது. மலைக்கோட்டையிலிருந்து மேற்கே தெரியும் அந்த நீல மலையில், சுமார் ஏழாயிரம் அடி உயரத்தில் நடந்த கதை அது.

1792-இல் திப்பு சுல்தானோடு செய்த ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திண்டுக்கல் சீமை கும்பெனியார் கைக்கு வந்தது. பிறகு மதுரை ஜில்லாவோடு சேர்ந்தது. 1985-இல்தான் திண்டுக்கல் தனி மாவட்டம் ஆயிற்று. சமவெளிக்கு வந்த வெள்ளைக்காரர்களை வெயிலும் காலராவும் காய்ச்சலும் வாட்டின. மதுரையில் வேலை செய்த அமெரிக்கப் பாதிரிமார்கள் குளிர்ந்த இடம் தேடி முதலில் எங்கள் சிறுமலையில்தான் ஏறிப் பார்த்தார்கள். அங்கே காய்ச்சல் இன்னும் அதிகமாக இருந்தது. ஆகவே மேற்கு மலைக்குப் போய் 1845-இல் கொடைக்கானலில் இரண்டு பங்களாக்கள் கட்டினார்கள். சிறுமலையில் கொசு கொஞ்சம் குறைவாக இருந்திருந்தால், இன்று தேனிலவுக்குப் போகிறவர்கள் திண்டுக்கல் பஸ் நிலையத்தோடு நின்றிருப்பார்கள்!

அந்தக் கொடைக்கானலுக்கு வந்தவர் வியர் ஹென்றி லெவிஞ்சு. 1860-களில் மதுரை ஜில்லாவின் கலெக்டர். அவருடைய குலத்தின் பூர்வீகம் அயர்லாந்தில் வெஸ்ட்மீத் ஜில்லா. அது ஏரிகளுக்குப் பேர்போன சீமை. கொடைக்கானலின் நடுவே ஓடைகள் இறங்கிச் சேறாகிக் கிடந்த ஒரு பள்ளத்தாக்கு இருந்தது. 1863-இல் லெவிஞ்சு சொந்தச் செலவில் அதன் வாயில் ஒரு கரை போட்டார். தண்ணீர் தேங்கியது. பள்ளத்தாக்கின் விரல்களுக்குள் எல்லாம் புகுந்து நட்சத்திர வடிவத்தில் சுமார் அறுபது ஏக்கர் ஏரி ஆயிற்று. தூத்துக்குடியிலிருந்து படகு வரவழைத்து அதில் விட்டார். உத்தியோகத்தை விட்ட பிறகு அந்த மலையிலேயே வீடும் தோட்டமுமாகத் தங்கினார்.

பிறந்த சீமையின் ஏரிகளை நினைத்துக்கொண்டுதான் இந்த ஏரியைக் கட்டினாரோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு. மனிதன் ஓய்வு பெற்றதும் குழந்தைப் பருவத்துத் தண்ணீரைத் தேடுகிறான். கிடைக்காவிட்டால், கையில் அதிகாரம் இருந்தால், உண்டாக்கிக்கொள்கிறான்.

படகு வந்த வழியைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். திருச்சியிலிருந்து திண்டுக்கல் வழியாக மதுரைக்கு ரயில் வந்தது 1875-இல். தூத்துக்குடி வரை நீண்டது அதற்கும் பிறகு. ஏரி கட்டிய நாளில் அந்தப் பாதை முழுவதும் மாட்டு வண்டிப் பாதைதான். மலையடிவாரத்தில் கிருஷ்ணம்ம நாயக்கன் தோப்போடு வண்டியும் நின்றுவிடும். அதற்கு மேல் குதிரையும் மனிதத் தோளும்தான். துரைமார்களையும் துரைசானிகளையும் நாற்காலியிலும் டோலியிலும் வைத்து எங்கள் சமவெளி ஜனங்கள் சுமந்து ஏறினார்கள். பெட்டி படுக்கைகளும் பியானோக்களும் அப்படித்தான் ஏறின. மோட்டார் ஏறும் லாஸ் காட் சாலை முதல் உலகப் போரை ஒட்டிய ஆண்டுகளில்தான் முடிந்தது. கடலில் மிதக்கப் பிறந்த ஒரு படகு, தண்ணீரே இல்லாத சமவெளியைக் கட்டை வண்டியில் கடந்து, மனிதத் தோள்களின் மேல் மலை ஏறியிருக்க வேண்டும். வேறு வழி இருக்கவில்லை. லெவிஞ்சின் பெயர் சரித்திரத்தில் இருக்கிறது. கரைக்கு மண் சுமந்தவர்களின் பெயரும், படகுக்குத் தோள் கொடுத்தவர்களின் பெயரும் எந்தக் கெஜட்டிலும் இல்லை.

இந்தத் துறைக்காக அவர் யாரிடம் அனுமதி கேட்டார்? கேட்க வேண்டிய அவசியம் என்ன இருந்தது? ஜில்லாவில் அனுமதி கொடுக்கும் ஸ்தானத்தில் இருந்தவரே அவர்தானே! வில்பட்டியைப் போன்ற பழைய மலைக் கிராமங்கள் பக்கத்திலேயே இருந்தன. அவர்களுக்கு ஒரு நாள் காலையில் பள்ளத்தாக்கு இருந்த இடத்தில் ஏரி இருந்தது, அவ்வளவுதான்.

ஏரி உண்டான பதின்மூன்றாம் வருஷம் கீழே தாது வருஷப் பஞ்சம் வந்தது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தில் பெரும் பகுதியை வாட்டிய அந்தப் பஞ்சத்துக்கு மதுரை ஜில்லாவும் தப்பவில்லை. ஊர் கிணறுகளைத் தோண்டிக்கொண்டே போன நாட்களில், மேலே படகு மிதக்க அறுபது ஏக்கர் தண்ணீர் இருந்தது. அந்த ஒரு சிறிய ஏரியால் ஒரு ஜில்லாவைக் காப்பாற்றியிருக்க முடியாது. அதற்காக அந்த மனிதரைப் பழிப்பது நியாயமும் அல்ல. ஆனாலும் அந்த இரண்டு காட்சிகளையும் ஒன்றின் பக்கத்தில் ஒன்றாக வைத்துப் பார்க்காமல் இந்தக் கதையைச் சொல்லக் கூடாது. 1895-இல் பென்னிகுயிக் பெரியாற்று அணையைக் கட்டி முடித்து, மேற்கே ஓடிய தண்ணீரைக் கிழக்கே வைகைக்குத் திருப்பினார். பயிருக்கென்று கட்டிய நீர்த்தேக்கம் அது. அதே தண்ணீரில் இன்று தேக்கடியில் படகும் ஓடுகிறது. பயிருக்காகத் தேக்கிய தண்ணீரில் படகும் விடலாம். படகுக்காகத் தேக்கிய தண்ணீர் பயிருக்கு வந்து சேர்வது அரிது.

1884-இல் அண்ணன் காலமானதும் லெவிஞ்சுக்குக் குலத்தின் ‘சர்’ பட்டம் வந்தது. அதை அவர் அனுபவித்தது ஒரே ஓர் ஆண்டு, 1885-இல் காலமானார். ஐந்து ஆண்டுகள் கழித்து, 1890-இல், கொடைக்கானலில் படகுச் சங்கம் ஒன்று ஏற்பட்டது. ஒரு மனிதர் தம் ஆசைக்காகத் தேக்கிய தண்ணீர் ஒரு சங்கத்தின் கைக்குப் போயிற்று. அங்கத்தினர்களுக்கு மட்டும் துறை. மற்றவர்களுக்குக் கரையில் நின்று பார்க்கும் உரிமை. நாற்பத்திரண்டு ஆண்டுகள் இப்படிக் கழிந்தன. 1932-இல்தான் வெளியூரிலிருந்து வருகிறவர்களும் பொதுமக்களும் சங்கத்துப் படகுகளில் ஏறலாம் என்று ஆயிற்று.

இதுதான் நான் சொல்ல வந்த மூன்றாவது வழி. காசு கொடுத்துப் பிடித்த துறை கெடு வந்தால் போய்விடுகிறது. அதிகாரத்தால் பிடித்த துறை, பிடித்தவரோடு போய்விடுகிறது. எல்லோருக்கும் என்று ஆகிவிட்ட துறை மட்டும் நிற்கிறது.

அன்பருக்கு நான் எழுதிய பதில் இவ்வளவு நீளம் அல்ல. விலைக்கு வாங்க வேண்டாம் என்றேன். ஒரு பருவத்துக்கு மட்டும், படகையும் சேர்த்தே வாடகைக்கு எடுத்துப் பாருங்கள். அலையும் தனிமையும் உடம்புக்கு ஒத்துக்கொள்கின்றனவா என்று தெரிந்துவிடும். அப்படியும் வாங்கத்தான் வேண்டும் என்றால் நாலு கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள். உரிமத்தில் மிச்சம் எத்தனை ஆண்டு? வருஷக் கட்டணம் யார் விருப்பப்படி உயரும்? நடுவில் வேண்டாம் என்றால் இன்னொருவருக்கு மாற்றிக் கொடுக்கலாமா? உங்களுக்குப் பிறகு அது மகனுக்குப் போகுமா? கடைசிக் கேள்வியோடு மகனையும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அப்பாவின் ஆசைக்குப் பிள்ளை வருஷா வருஷம் வாடகை கட்டிக்கொண்டிருப்பது ஆசீர்வாதம் ஆகாது.

தண்ணீரின் மேல் ஆசை என்றால் ஸ்பெயின் வரைக்கும் போகத்தான் வேண்டுமா என்றும் கேட்டிருக்கிறேன். சென்னைத் துறைமுகத்துக்குள்ளேயே 1911-இல் ஒரு பாய்மரப் படகுச் சங்கத்தைத் தொடங்கினார் சர் பிரான்ஸிஸ் ஸ்பிரிங். துறைமுக டிரஸ்டின் தலைவராக இருந்தவர். அடுத்த ஆண்டு அங்கே குமாஸ்தாவாக வந்து சேர்ந்த கணித மேதை ராமானுஜத்துக்கு ஆதரவு தந்தவரும் அவரே. கொச்சியில் போல்காட்டி அரண்மனையை ஒட்டி 2010-இல் திறந்த மெரினா இந்தியாவின் முதல் மெரினா என்று பெயர் பெற்றது. காலையில் திண்டுக்கல்லில் புறப்பட்டால் பொழுது சாய்வதற்குள் அங்கே போய்ச் சேர்ந்துவிடலாம். விசா கேட்கிறவர் ஒருவரும் இல்லை.

அதுவும் தூரம் என்றால் கொடைக்கானல் இருக்கவே இருக்கிறது. கோடை விடுமுறையில் வேடசந்தூரிலிருந்தும் ஒட்டன்சத்திரத்திலிருந்தும் நிலக்கோட்டையிலிருந்தும் குடும்பம் குடும்பமாக பஸ் ஏறிப் போகிறார்கள். துறையில் சீட்டு வாங்குகிறார்கள். அரை மணி நேரக் குத்தகை. ஒரு காலத்தில் டோலி தூக்கி ஏறிய பாட்டனின் பேரன் காலால் மிதித்துப் படகு ஓட்டுகிறான்; அவன் மனைவி பயந்துகொண்டு விளிம்பைப் பிடித்துக்கொள்கிறாள்; குழந்தை தண்ணீரில் கையை விட்டுத் திட்டு வாங்குகிறது. அது யார் தேக்கிய தண்ணீர் என்று அவர்களுக்குத் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. நேரம் முடிந்ததும் கரையிலிருந்து கூப்பிடுகிறார்கள். படகைத் துறையில் விட்டுவிட்டு இறங்கி வரவேண்டியதுதான். லெவிஞ்சு துரையும் அப்படித்தான் இறங்கிப் போனார்.